மெல்லிய கையெழுத்து எழுத்துரு: தேர்வு முதல் அச்சு வரை

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் மட்டும் சாய்ந்து, வளைந்து, பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதியதுபோல் இருக்கும். கேக் கடையின் பெட்டி, போட்டோகிராபர் படத்தின் ஓரத்தில் போடும் வாட்டர்மார்க், பொட்டிக் பை, ரிசப்ஷன் மேடையில் ஒளிரும் பெயர் என்று பல இடங்களில் இதே குடும்பத்து எழுத்துருதான் வேலை செய்கிறது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது, அச்சுக்கு எப்படி அனுப்புவது என்று வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் இந்த எழுத்துருவுக்கு அதிக வேலை தருவதும், அதை அதிகம் பாடாய்ப் படுத்துவதும் அதுதான்.

இந்த எழுத்துருவின் அழகு இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒன்று, முடிபோல் ஓடும் மெல்லிய கோடு. இன்னொன்று, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடும் இடம். இழை, இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டில் ஒன்று அடிபட்டாலும் மிச்சம் இருப்பது படிக்கச் சிரமமான சாய்வெழுத்து மட்டுமே. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

படி 1: எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

பட்டியலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மெல்லிய ஸ்கிரிப்ட் ஃபான்டுகளில், அதாவது கையெழுத்துச் சாயல் எழுத்துருக்களில், குறைந்தது மூன்று குடும்பங்கள் உண்டு.

முதலாவது ரவுண்ட்ஹேண்ட். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள் கூர்முனைப் பேனாவால் எழுதிய பாணி. பேனாவைக் கீழே இழுக்கும்போது அழுத்தம் விழுந்து முனை விரியும், கோடு தடிக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் இருக்காது, இழை மட்டும் விழும். ஜார்ஜ் பிக்ஹாம் என்ற செதுக்கர் இந்த ஆசிரியர்களின் எழுத்துகளைச் செப்புத் தகட்டில் வெட்டி, 1733 முதல் 1741 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஈயத்தில் இதை வார்ப்பது பெரும்பாடு. அச்சுக்கட்டை செவ்வகம், எழுத்தோ சாய்வு. பக்கத்து எழுத்தின் மேல் நீளும் மெல்லிய வால் முறிந்துபோகும். புகைப்பட அச்சுக்கோப்பு வந்ததும் அந்தத் தடை நீங்கியது. 1960களில் மேத்யூ கார்ட்டர், சார்லஸ் ஸ்னெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் எழுத்தை வைத்து லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' வரைந்தார். மேக் கணினியிலும் ஐபோனிலும் அது இப்போதும் கூடவே வருகிறது. இலவசமாக வேண்டுமென்றால் நிக்கோல் ஃபாலியின் 'பின்யான் ஸ்கிரிப்ட்' இதே வழி. ராபர்ட் லூஷ்கியின் 'கிரேட் வைப்ஸ்' இன்னும் கொஞ்சம் தாராளம், தலைப்பெழுத்துகளில் சுழிப்பு அதிகம்.

இரண்டாவது, கனம் மாறாத ஒரே கோட்டில் ஓடும் வகை. 'சாக்ரமென்டோ' நல்ல உதாரணம். 1950, 60களின் விளம்பரக் கையேடுகளில் இருந்த கையெழுத்துப் பாணியை ஒட்டியது. இதில் தடிப்பு, மெலிவு என்ற நாடகம் கிடையாது. அதனால் சிறிய அளவிலும், வெட்டியெடுக்கும் வேலைகளிலும் தாங்கும்.

மூன்றாவது, பட்டைமுனைப் பேனாவிலிருந்து வந்த இத்தாலியச் சான்சரி (அலுவலக ஆவணக் கையெழுத்து) வழி. டோஷி ஒமகாரியின் 'டேஞ்சரின்' இதைச் சேர்ந்தது. எழுத்துகள் பெரும்பாலும் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆனாலும் கையெழுத்துச் சாயல் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதன் சிறிய எழுத்துகள் ரொம்பவே குட்டி. மற்ற எழுத்துருவில் வைக்கும் பாயின்ட் அளவையே இதற்கும் வைத்தால் பாதி அளவில்தான் தெரியும்.

மேலே சொன்ன இலவச எழுத்துருக்கள் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வாடிக்கையாளர் வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மற்ற இலவசத் தளங்களில் இறக்குவதில் பாதி 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கும். சுருக்கிய கோப்புக்குள் ஒரு சின்ன உரைக்கோப்பு கிடக்கும், அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

படி 2: உங்கள் பெயரையே அடித்துப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்து மாதிரிப் படத்தை நம்பி எழுத்துரு வாங்காதீர்கள். அந்த எழுத்துருவுக்கு எது பொருந்துமோ அந்தச் சொல்லைத்தான் அதில் வைத்திருப்பார்கள். நம் பெயர்களின் அமைப்பே வேறு. ஒரு தலைப்பெழுத்து, அதைத் தொடர்ந்து சிறிய எழுத்துகள் என்ற ஐரோப்பிய வழக்கத்துக்காக வரைந்தவை இவை. நாம் கொண்டுவருவது இனிஷியல்.

எம்.எஸ். கார்த்திக் என்ற பெயரை ரவுண்ட்ஹேண்டில் போட்டுப் பாருங்கள். மூன்று தலைப்பெழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பெரிய சுழி, நீண்ட கை. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழும், நடுவிலிருக்கும் புள்ளி எந்தச் சுழிக்குள் போனது என்றே தெரியாது. வழி இருக்கிறது. பெயரை மட்டும் ஸ்கிரிப்டில் வைத்து, இனிஷியலை அதே வரியில் சிறிய நேரெழுத்தில் கொடுங்கள். அல்லது இனிஷியலுக்குரிய ஊர், தந்தை பெயரை அடுத்த வரிக்கு இறக்கிவிடுங்கள். பட்டங்களுக்கும் இதே விதிதான். பி.இ., எம்.பி.பி.எஸ்., எம்.பி.ஏ. எல்லாம் தலைப்பெழுத்துக் கூட்டம். ஸ்கிரிப்டில் போட்டால் நூல்கண்டு பிரிந்ததுபோல் ஆகிவிடும். பெயருக்குக் கீழே சின்னதாக நேரெழுத்தில் வைத்தால் பெயரும் எடுப்பாகத் தெரியும், படிப்பும் தெரியும்.

அடுத்த சோதனை ழகரம். யாழினி, எழில், தேன்மொழி, கனிமொழி என்ற பெயர்களில் ஆங்கிலத்தில் 'இசட் எச்' வரும். பல ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருக்களில் சிறிய இசட்டுக்குக் கோட்டுக்குக் கீழே ஒரு வால் உண்டு. பார்வைக்கு ஒய் மாதிரியோ ஜி மாதிரியோ இருக்கும். யாழினி அப்போது 'யாய்ஹினி' ஆகிவிடுவாள். எழுத்துருவுக்குள் வேறு வடிவ இசட் இருக்கிறதா என்று கிளிஃப்ஸ் பலகத்தில் (எழுத்துருவில் உள்ள எல்லா வடிவங்களையும் காட்டும் பட்டியல்) தேடுங்கள். இல்லையென்றால் எழுத்துருவையே மாற்றுங்கள்.

இரட்டை எழுத்துகளையும் பாருங்கள். திருநாவுக்கரசு என்பதில் இரண்டு கே அடுத்தடுத்து வரும், இரண்டுக்கும் மேலே நீண்ட கொம்பு. முத்துலட்சுமியில் இரண்டு டி வந்தால் குறுக்குக்கோடு இரண்டும் மோதும். நல்ல எழுத்துருவில் இரண்டு டிக்கும் பொதுவாக ஒரே குறுக்குக்கோடு போட்ட கூட்டெழுத்து இருக்கும். தலைப்பெழுத்துகளில் ஐ, ஜே, டி, எஃப், எஸ், எல் ஆகியவை ஆள்மாறாட்டம் செய்யும். இந்து, ஜனனி என்ற பெயர்களை அடித்து, பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த எழுத்துரு அந்தக் கல்யாணத்துக்கு ஆகாது.

ரூபாய்க் குறியும் ஒரு சோதனை. 2010இல் அறிவித்த குறி அது. அதற்கு முன் வரைந்து, பிறகு புதுப்பிக்காத எழுத்துருக்களில் இருக்காது. பரிசு வவுச்சர், மெனு கார்டு செய்பவர்கள் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

படி 3: இணைப்பை உடைக்காமல் கோர்ப்பது

இணைப்பு ஏன் கச்சிதமாக அமைகிறது? ஒவ்வோர் எழுத்தின் வால் முடியும் உயரமும் அடுத்த எழுத்து தொடங்கும் உயரமும் ஒன்றாக இருக்கும்படி வரைந்தவர் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால், ஒரு துளி என்றாலும், அந்தக் கணக்கு போச்சு. டிராக்கிங் (எல்லா எழுத்துக்கும் பொதுவான இடைவெளி) எப்போதும் பூஜ்யம். பத்தியை இரு பக்கமும் சமமாக நிரப்பும் அமைப்பும் வேண்டாம், சில மென்பொருள்கள் நிரப்புவதற்காக எழுத்து இடைவெளியையும் இழுக்கும்.

இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்துபவர்கள் கெர்னிங்கில் (எழுத்து ஜோடிகளுக்கு இடையிலான இடைவெளி) 'ஆப்டிகல்' என்றிருந்தால் 'மெட்ரிக்ஸ்' என்று மாற்றுங்கள். ஆப்டிகல் என்பது மென்பொருள் தானே எழுத்தின் உருவத்தைப் பார்த்து இடைவெளியை ஊகிப்பது. இணைந்த எழுத்துக்கு அந்த ஊகம் சரிவராது. திரையில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும், 400 சதவீதம் பெரிதாக்கினால்தான் எழுத்துக்கு எழுத்து முடியளவு விரிசல் கண்ணில்படும். அச்சில் அந்த விரிசல் அப்படியே வரும்.

முழுச் சொல்லையும் தலைப்பெழுத்தில் அடிக்காதீர்கள். இந்த ஒன்றுக்கு விதிவிலக்கே கிடையாது. பி பொத்தானை அழுத்திப் போலித் தடிப்பு சேர்ப்பதும், ஐ பொத்தானை அழுத்தி ஏற்கெனவே சாய்ந்ததை இன்னும் சாய்ப்பதும் அதே பட்டியல்தான்.

அப்புறம் அலங்காரச் சுழிகள். ஓபன்டைப் என்ற எழுத்துரு வடிவத்தின் வசதியில் ஒரே எழுத்துக்கு நாலைந்து வடிவங்கள் கிடைக்கலாம்: சொல்லின் முதலில் வருவது, கடைசியில் வால் நீள்வது, கோட்டுக்கு அடியில் ஓடித் திரும்புவது. பெயருக்கு ஒரு சுழி போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. மணமகள் பெயரின் தொடக்கத்தில் ஒன்று, மணமகன் பெயரின் முடிவில் ஒன்று என்று வைத்தால் இரண்டு பெயரும் சேர்ந்து ஒரு வடிவமாகத் தெரியும். நடுவில் வரும் 'வெட்ஸ்' என்ற சொல்லைச் சின்னதாக, சுழி இல்லாமல் விடுங்கள்.

பெயரை நடுவில் நிறுத்துவதிலும் ஒரு சிக்கல். மென்பொருள் சுழியையும் சேர்த்து அளந்து நடுவைக் கணக்கிடும், அல்லது சுழியைச் சேர்க்கவே சேர்க்காது. இரண்டிலும் பெயர் ஒரு பக்கம் தள்ளிப்போனதாகத் தெரியும். கணினி சொல்லும் நடுவை விட்டுவிட்டு, எழுத்தின் உடல் எங்கே இருக்கிறதோ அதை வைத்துக் கண்ணால் நகர்த்துங்கள். நகர்த்தும்போது பத்திரிகையின் நான்கு மூலைகளையும் காலியாக விடுங்கள். அங்கே வீட்டார் மஞ்சள் தடவப்போகிறார்கள். ஆசையாக மூலை வரை இழுத்துவிட்ட சுழி மஞ்சளுக்கு அடியில் போய்விடும்.

படி 4: எதை ஸ்கிரிப்டில் போடக் கூடாது

தேதி, முகூர்த்த நேரம், மண்டப முகவரி, தொலைபேசி எண். இந்த நான்கும் தவறாகப் படித்தால் ஆள் வந்து சேராத விஷயங்கள். 'காலை 9.00 – 10.30' என்பதைச் சுழித்த எண்களில் போட்டு 7.00 என்று படிக்க வைப்பதில் அழகு ஒன்றுமில்லை. ஸ்கிரிப்ட் பெயருக்கு, அதிகம் போனால் ஒரு சின்னத் தலைப்புக்கு. மீதி எல்லாம் அமைதியான துணை எழுத்துருவில்.

துணையைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ரவுண்ட்ஹேண்டில் தடிப்பும் மெலிவும் இருப்பதால், அதேபோல் தடிப்பு மெலிவு உள்ள செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு நீட்சி உள்ள) எழுத்துரு பக்கத்தில் ஒட்டும். சாக்ரமென்டோ போன்ற ஒரே கனத்து எழுத்துக்கு அந்த நீட்சி இல்லாத மெல்லிய சான்ஸ் செரிஃப் பொருந்தும். இரண்டாவது ஸ்கிரிப்டைத் துணைக்கு அழைக்காதீர்கள், ஒரு மேடைக்கு ஒரு நாதஸ்வரம் போதும்.

படி 5: தமிழ்ப் பக்கத்துக்கு என்ன செய்வது

கிரேட் வைப்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் அடித்தால் எழுத்து வரும், ஆனால் அது கிரேட் வைப்ஸ் அல்ல. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் கணினி கையிலிருக்கும் வேறு ஏதாவது தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா. ஒரு பக்கம் சுழிப்பு, இன்னொரு பக்கம் அரசு சுற்றறிக்கை என்று பத்திரிகை வருவது இப்படித்தான்.

தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்திலிருந்தே ஒவ்வொன்றும் தனித்து நிற்பவை, கோட்டின் கனமும் பெரிதாக மாறாது. ஆகவே ஆங்கில ஸ்கிரிப்டின் இணைப்பைத் தமிழில் வலுக்கட்டாயமாகக் கொண்டுவர வேண்டியதில்லை. சாய்வு, வளைவின் ஓட்டம், முடியும் இடத்தில் ஒரு சிறு வீச்சு, இவை இருந்தாலே கையெழுத்துச் சாயல் வந்துவிடும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் தன் கையெழுத்தை வைத்து வடிவமைத்த 'கவிவனார்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாய்ந்தது, தமிழோடு ஆங்கில எழுத்துகளும் அதே சாயலில் உள்ளே இருக்கின்றன, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். இரண்டு மொழியும் ஒரே கையால் எழுதியதுபோல் வேண்டுமென்றால், ஆங்கிலத்துக்கும் அதையே வைத்துவிடுவது என் விருப்பம். ரவுண்ட்ஹேண்டின் ஆடம்பரம் கிடைக்காது, ஆனால் பத்திரிகை ஒரே வீட்டிலிருந்து வந்ததுபோல் இருக்கும்.

மெல்லிய தமிழ் எழுத்தில் ணகரமும் னகரமும்தான் முதலில் குழப்பும். 'கண்ணன்' என்று அடித்து, அச்சாகப்போகும் அளவிலேயே பாருங்கள். ண, ன இரண்டுக்கும் சுழி எண்ணிக்கைதான் வித்தியாசம். மை பரவி ஒரு சுழி அடைத்துக்கொண்டால் பெயர் மாறிவிடும். புள்ளிகளையும் பாருங்கள், இழைபோன்ற எழுத்துக்கு மேலே புள்ளியும் தூசியளவில்தான் இருக்கும்.

அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்றத்தில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த முறை) அடித்து வைத்திருந்தால், எழுத்துருவை மட்டும் யுனிகோடுக்கு மாற்றிப் பயன் இல்லை. தமிழ் போய் ஆங்கில எழுத்துகளின் குப்பை வரும். முதலில் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் வழியாக யுனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும்.

படி 6: இழை அச்சில் தாங்குமா?

இதற்கு ஊகம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். பெயரைப் பத்திரிகையில் வரும் அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 0.25 பாயின்ட் கனத்தில் ஒரு கோடு வரையுங்கள். அது சுமார் 0.09 மில்லிமீட்டர். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எழுத்தின் மிக மெல்லிய இடம் அந்தக் கோட்டைவிட ஒல்லியாக இருந்தால், நல்ல ஆஃப்செட் அச்சிலும் அறுந்து போகலாம். எழுத்தின் அளவும் இழையின் கனமும் ஒரே விகிதத்தில் ஏறும். 24 பாயின்டில் இழை 0.18 என்று வந்தால், 0.25 ஆக்க 34 பாயின்டுக்கு ஏற்ற வேண்டும். இடம் இல்லையா? வேறு எழுத்துருவுக்குப் போங்கள். அல்லது அதே நிறத்தில் மிக மெல்லிய வெளிக்கோடு கொடுத்துக் கொஞ்சம் தடிக்க வைக்கலாம், ஆனால் சுழிகளின் உள்வெளி அடைகிறதா என்று பாருங்கள்.

கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் கணக்கு இரட்டிப்பு. சுற்றிலுமிருக்கும் மை உள்ளே பரவி இழையைத் தின்றுவிடும், 0.5 பாயின்டாவது வேண்டும். தங்க ஃபாயிலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அதே ரகம்தான். ஃபாயிலில் இன்னொரு தொல்லை, நெருக்கமான சுழிகளுக்கு நடுவே தங்கம் பாலம்போட்டு ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான கைத்தாள் வேறு எடுத்தால், தாளின் பள்ளத்தில் இழை விட்டுவிட்டு விழும். எல்லா அச்சகத்துக்கும் ஒரே அளவு கிடையாது, அவர்கள் தாங்கும் மெல்லிய கோடு எவ்வளவு என்று கேட்டுவிட்டு லேஅவுட்டைத் தொடங்குங்கள்.

நிறம். மெரூன், தங்கம், இளஞ்சிவப்பு என்று நான்கு மை கலந்து வரும் நிறத்தில் மெல்லிய எழுத்தை வைத்தால், ஒவ்வொரு மையும் புள்ளிகளாக விழும். முடியளவு கோட்டில் புள்ளி விழ இடமேது? விளிம்பு ரம்பம்போல் ஆகும். அச்சுத் தகடான பிளேட் ஒரு முடி விலகினால் எழுத்துக்கு நிழல் வந்துவிடும். மெல்லிய எழுத்துக்கு ஒரே முழு மை நல்லது: முழுக் கறுப்பு, அல்லது தனியாகக் கலந்த ஒரு ஸ்பாட் நிறம்.

படி 7: வெட்டும் வேலை, ஒளிரும் வேலை

வினைல், அக்ரிலிக், தெர்மகோல் எதுவானாலும், முதலில் எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பிறகு 'வெல்ட்' செய்து ஒரே உருவமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் இணைப்பு இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இயந்திரம் குறுக்கே வெட்டும், பெயர் துண்டு துண்டாக வரும். சிறிய ஐ, ஜே எழுத்துகளின் புள்ளிகள் உடலோடு ஒட்டாதவை. தனியே விழுந்து தொலையும், ஒரு சின்னப் பாலம் போட்டு இணைக்கலாம்.

எல்.இ.டி. நியான் பெயருக்கு ரவுண்ட்ஹேண்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழாயின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், தடிப்பும் மெலிவும் அதில் வராது. சாக்ரமென்டோ போன்ற ஒரே கோட்டு வகைதான் அங்கே ராஜா.

படி 8: போன் திரையில்

இன்று அச்சடித்த பத்திரிகையைவிட அதிகம் பேர் பார்ப்பது வாட்ஸ்அப்பில் வரும் படத்தைத்தான். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும், சுருக்கும்போது முதலில் போவது இழை. 1080 பிக்சல் அகலத்தில் செய்யும் படத்தில் மிக மெல்லிய கோடு குறைந்தது இரண்டு பிக்சல் இருக்கட்டும். முடிந்தால் பிடிஎஃப் ஆக, 'டாகுமென்ட்' வழியாக அனுப்புங்கள். இணையப் பக்கத்தில் போடும்போது சுழியின் மேற்பகுதியோ வாலோ பெட்டியின் எல்லையில் வெட்டுப்படுவதைப் பார்க்கலாம். வரி உயரத்தைக் கூட்டி, ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்ஸ்டாகிராம் பயோவில் ஒட்டும் 'ஸ்டைல் எழுத்து' எழுத்துருவே அல்ல. கணிதத்துக்காக யுனிகோடில் இருக்கும் சாய்வுக் குறிகள் அவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அவற்றைப் பெயராக வாசிக்காமல் ஒவ்வொரு குறியாகச் சொல்லும், அல்லது மௌனமாகத் தாண்டிவிடும். கடைப் பெயருக்கு அது வேண்டாம்.

படி 9: கோப்பை ஒப்படைப்பது

உங்கள் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய கோரல் ட்ரா வைத்திருந்தால், எழுத்துரு இருந்தாலும் உங்கள் சுழிகள் வராது, ஓபன்டைப் வசதி எக்ஸ்6 பதிப்பிலிருந்துதான் உண்டு. எனவே கர்வாக மாற்றியே அனுப்புங்கள். மாற்றியதும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில சமயம் அங்கே வெள்ளை ஓட்டை விழும், வெல்ட் செய்தால் மூடிக்கொள்ளும். பிறகு அதே தாளில், அதே அளவில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். லேசர் பிரிண்டரில் எடுத்த ப்ரூஃப் இழையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கர்வாக்காத மூலக்கோப்பையும் தனிப் பெயரில் சேமித்து வைத்திருங்கள். பிளேட் போடப்போகும் நேரத்தில்தான் பெரியப்பா பெயர் விட்டுப்போனது யாருக்காவது ஞாபகம் வரும்.